நிறம் மாறாத பட்டை

எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரே நாற்காலி.
கீழே ஐஸ் உடைக்கிறார்கள், மாடியில் நாங்கள் பல் பிடுங்குகிறோம்.
சத்தம் எங்கிருந்து வருகிறதென்று புரியாமல்
பாதிப் படியில் திரும்பிப் போனவர்கள் உண்டு.

பாம்பன் தண்ணீரை ஆட்டோகிளேவில் ஊற்றக் கூடாது.
சேர்ந்த புதிதில் ஒரு தடவை ஊற்றினேன்.
உள்ளே வெள்ளை வெள்ளையாய் உப்புப் பூத்து
வால்வு அடைத்துக்கொண்டது.
அன்றிலிருந்து பேட்டரிக் கடைக் கேன்தான்.

கழுவு, தேய், துடை, பையில் போடு,
ஓரத்தை ஒட்டு, தேதி எழுது.
நூற்று இருபத்தொரு டிகிரி. இருபது நிமிஷம்.
வெளியே எடுக்கும்போது பைமேல் ஒட்டிய பட்டையில்
கறுப்புக் கோடு விழுந்திருக்க வேண்டும்.
விழுந்தால் நோட்டில் ஒரு டிக்.
"கோட்டைப் பார்த்துட்டு டிக் போடு,
டிக் போட்டுட்டுக் கோட்டைத் தேடாதே" என்பார்
டாக்டர் நிலோஃபர்.

தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில்.
கடலுக்குள் கிராம்பை வைத்துச் சமாளித்த பற்கள்
ஒரே வாரத்தில் படியேறி வந்தன.
அந்த வியாழக்கிழமை
கரண்ட் மூன்று தடவை போய் வந்தது.
மூன்றாவது தடவை மெஷின் எத்தனை நிமிஷம் ஓடியதென்று
எனக்குத் தெரியாது.
தட்டு சுட்டது.
கை சுட்டால் போதும் என்று நினைத்தேன்.
டிக் போட்டேன்.

ராத்திரி குப்பைப் பையைக் கட்டும்போதுதான் பார்த்தேன்.
நானே கிழித்துக் கொடுத்த உறைகளில் நான்கு,
கடையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்த
அதே வெளிர் மஞ்சள் பட்டையோடு.

முடிச்சுப் போட்டேன். அவிழ்த்தேன்.
விடிந்தால் வண்டி வந்து எடுத்துப் போய்விடும்,
வேறு ஒரு ஆளுக்குத் தெரியாது.
துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுகிறவர் ஞாபகத்துக்கு வந்தார்.
வானம் நீலமாய் இருந்தாலும்
படகுக்காரர்கள் அம்மாவை இழுத்துத் திட்டினாலும்
மூன்று என்று தகவல் வந்தால் மூன்றைத்தான் ஏற்றுவார்.
அவருக்கு என்னைவிடச் சம்பளம் அதிகம் என்றும்
தோன்றாமல் இல்லை.

போனில் டாக்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, "நாலா? நம்பரை எடுத்து வை.
காலையில் நானே கூப்பிடுறேன். நீ பக்கத்தில் இரு."

சேசு அருளப்பன் சிரித்தார்:
"தெரண்டி முள்ளு குத்தினப்பவே ரத்தம் பாக்கல, இதுக்கா?"
பாசி எடுக்கும் காளீஸ்வரி வந்தாள்,
பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றிய துணியோடு.
"டெஸ்டுக்கு யார் காசு?"
"எங்க காசு."
துணியை ஒவ்வொரு விரலாய் அவிழ்த்துவிட்டுக் கையை நீட்டினாள்.
தங்கச்சிமடத்துப் பையனின் அப்பா கத்தினார்.
கீழே ஐஸ் உடைப்பதை நிறுத்திக் கேட்டார்கள்.
கத்த வேண்டியதுதான். நின்றுகொண்டிருந்தேன்.

நான்காவது ஆள் இன்னாசிமுத்து. போன் அணைந்திருந்தது.
தெருவுக்குப் போய்க் கேட்டேன்.
கொச்சிப் பக்கம் படகுக்குப் போய்விட்டார்,
கடைவாயில் நாங்கள் அடைத்த சிமெண்டோடு.

இன்று ஒரு தடவை, மூன்று மாதத்தில் ஒரு தடவை,
ஆறு மாதத்தில் கடைசி.
மூன்று பேருக்கு இதுவரை ஒன்றுமில்லை.
இன்வெர்ட்டர் வந்திருக்கிறது, தவணையில்.
கிருமி வித்துத் தடவிய துண்டுக் காகிதம் ஒன்று
மாதாமாதம் மெஷினுக்குள் வெந்து மதுரை லேபுக்குப் போகிறது.
ஒன்றும் முளைக்கவில்லை என்று பதில் வர வேண்டும்.
முளைக்காததற்காக இப்படிக் காத்திருக்கும் வேலை
கடலோரத்தில் வேறு யாருக்கும் இருக்காது.

அந்த டிக்கை அழிக்க விடவில்லை டாக்டர்.
குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் என் பெயர், மணி.
புதிதாக வருகிற ஒவ்வொருவரும்
நோட்டைப் புரட்டினால் அந்தப் பக்கத்தில்தான் விழும்,
அத்தனை தடவை திறந்திருக்கிறேன்.

இன்னாசிமுத்துக்கு எதிரே கட்டம் காலி.
திங்கட்கிழமைதோறும் அடிக்கிறேன்.
போன வாரத்திலிருந்து
மணி போகிறது.